மீட்டர் காட்டாத உழைப்பு: குமரி மாவட்டச் சாலைகளில் லாரியைப் பாதுகாப்பாக ஓட்டவும் பேணவும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓடும் லாரியின் உழைப்பை மீட்டரில் ஏறும் கிலோமீட்டர் சொல்லாது. மலையோரக் கிரஷரில் ஜல்லி ஏற்றி மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளைக்குப் போகிற டிப்பர் ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். அதற்குள் ஒவ்வொரு முடுக்கிலும் கியர் இறங்கி, ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று, பிரேக் டிரம் கைவைக்க முடியாத அளவு சுட்டிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்குவழிச் சாலையில் சராசரியாக மணிக்கு 50 கி.மீ. ஓடுகிற வண்டி 20,000 கி.மீ. முடிக்க 400 மணி நேரம் ஆகும். தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை என்று சுற்றுகிற வண்டிக்குச் சராசரி 20 கிடைப்பதே பெரிது. அதே 20,000 கி.மீ.க்கு இன்ஜின் 1,000 மணி நேரம் சுழன்றிருக்கும். ஆயிலும் ஃபில்டரும் அந்த 1,000 மணி நேரத்துக்கு உழைத்தவை. கம்பெனி கையேட்டில் டிப்பருக்கும் குறுந்தூர வேலைக்கும் சர்வீஸ் இடைவெளி தனியாகப் போட்டிருக்கும். நெடுந்தூர வண்டிக்கான எண்ணை விட்டுவிட்டு அதைப் பின்பற்றுங்கள். மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இருந்தால் அதையே நம்புங்கள்.

இதோடு இரண்டு பருவமழையும் கடற்காற்றும் சேர்கின்றன. ஜூனில் தொடங்கும் தென்மேற்குச் சாரலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்கு மழையும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. வறண்ட ஊரில் ஓராண்டு தாங்கும் பிரேக் பைப் இங்கே தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

காலையில் இருபது நிமிடம்

சாவியைப் போடுவதற்கு முன் வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். தரையில் இருக்கும் சொட்டு என்ன நிறம்? கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். வழவழப்பாகச் சிவந்தோ தேன் நிறத்திலோ இருந்தால் ஸ்டீயரிங் ஆயில் அல்லது ஹைட்ராலிக் ஆயில். பச்சையோ இளஞ்சிவப்போ நீர்போல இருந்தால் கூலண்ட். சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தால் ஹப் சீல் போயிருக்கிறது. அந்த எண்ணெய் பிரேக் லைனரில் (டிரம்மை அழுத்திப் பிடிக்கும் தேய்பட்டை) ஏறினால் அந்தச் சக்கரம் பிடிக்காது. வண்டி மறுபக்கம் இழுக்கும். அதோடு லோடு ஏற்றப் போக வேண்டாம்.

ஆயில் குச்சியைச் சமதளத்தில், இன்ஜின் நின்று பத்து நிமிடமாவது ஆன பிறகு எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யாதீர்கள். கூலண்ட் மூடியைக் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் திறக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறப்பது பலரிடம் உள்ள பழக்கம். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் துணியைத் தாண்டி முகத்துக்கே வரும்.

டீசல் வடிகட்டியோடு இருக்கும் நீர் பிரிப்பானின் அடித் திருகை மழைக்காலத்தில் தினமும் திறந்து, சுத்தமான டீசல் வரும் வரை வடித்துவிடுங்கள். ஈரக் காற்றில் இரவு முழுக்கப் பாதி காலியாக நிற்கும் டேங்கின் உட்சுவரில் நீர் பூத்து இறங்கும். அதனால் மாலையிலேயே டேங்க்கை நிரப்பி நிறுத்துவது நல்லது.

பிறகு சுற்றி ஒரு நடை. வீல் நட்டைச் சுற்றிச் செந்நிறக் கோடு வழிந்திருந்தால் அந்த நட்டு தளர்ந்து உராய்கிறது. ஸ்பிரிங் பட்டைகளில் ஏதாவது ஒன்று வெடித்திருக்கிறதா, யூ போல்ட் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா, அச்சு ஒரு பக்கம் பின்வாங்கி நிற்கிறதா என்று பாருங்கள். சென்டர் போல்ட் முறிந்தால் அச்சு இடம்பெயரும். பின்னால் வருகிறவர் கண்ணுக்கு வண்டி கோணலாக ஓடுவது தெரியும். இன்ஜின் ஓடும்போது ஸ்டீயரிங்கை மெல்ல அசையுங்கள். முன்சக்கரம் அசையாமல் விளிம்பு இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆடினால் டை ராட் முனையோ ஸ்டீயரிங் பெட்டியோ தேய்ந்திருக்கிறது. விளக்குகளை ஒருவர் உள்ளே உட்கார்ந்து போட, இன்னொருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். ஒளிர் பட்டை முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. சேறு படிந்த பட்டை இரவில் இருந்தும் இல்லாததுதான். ஒரு ஈரத்துணி போதும்.

ஏர் பிரேக்

ஒரு லாரியில் கவனத்தைப் பாதிக்குப் பாதி பிரேக்குக்குக் கொடுத்தாலும் தகும். ஜல்லியோடு 28 டன் எடையில் வரும் வண்டி நிற்க மறுத்தால் அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இருக்காது. பிரேக் ஒரே நாளில் போவது அரிது. பல நாள் அறிகுறி காட்டிவிட்டுத்தான் போகும்.

முதலில் ஏர் டேங்க். ஒவ்வொரு டேங்கின் அடியிலும் வடிகால் வால்வு இருக்கும். அதன் வளையத்தை விரலால் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, கீழே ஒரு வெள்ளைத் துணியை நீட்டுங்கள். வறண்ட காற்று மட்டும் சீறினால் நல்லது. துணி நனைந்தால் ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜ் உலர்த்தும் சக்தியை இழந்துவிட்டது. பழுப்பாகப் பிசுபிசுவென்று வந்தால் கம்ப்ரசர் ஆயில் தள்ளுகிறது. அந்த ஆயிலும் நீரும் சேர்ந்த குழம்பு வால்வுகளின் ரப்பரை ஊதவைத்துச் சிக்கவைக்கும். பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்தே நிற்பதற்கு இது ஒரு காரணம். நம் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் கார்ட்ரிட்ஜை ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால் மே மாதத்தில் மாற்றிவிடுவது உத்தமம்.

அடுத்தது கசிவுச் சோதனை. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஏர் முழுதாக ஏறிய பிறகு இன்ஜினை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். அழுத்தம் 0.2 பாருக்கு மேல், அதாவது 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பிறகு பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து ஏரைக் குறையுங்கள். வண்டியைப் பொறுத்து 4 முதல் 5.5 பாருக்குள் எச்சரிக்கை விளக்கும் பஸ்ஸரும் வர வேண்டும். சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று பஸ்ஸர் வயரைப் பிடுங்கி விட்டிருக்கும் வண்டிகள் உண்டு. வாங்கிய வண்டியாக இருந்தால் முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

காற்றழுத்தத்தைத் தள்ளுவிசையாக்கும் பிரேக் சேம்பரிலிருந்து நீளும் தள்ளுகம்பி எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான் லைனரும் டிரம்மும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதற்கு அளவு. பிரேக் விடுபட்ட நிலையில் கம்பியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். 6 முதல் 7 பார் அழுத்தத்தில் ஒருவர் பெடலை முழுக்க மிதிக்கட்டும். கோடு நகர்ந்த தூரத்தை அளந்து பாருங்கள். டைப் 30 சேம்பரில் 50 மி.மீ.க்கும், டைப் 24-இல் 45 மி.மீ.க்கும் மேல் போனால் அந்தச் சக்கரம் தன் பங்கைச் செய்யவில்லை. டிரம் சூடேறும்போது விரிந்து லைனரை விட்டு இன்னும் விலகும் என்பதை நினைவில் வையுங்கள். காலையில் குளிர்ந்த வண்டியில் கஷ்டப்பட்டுப் பிடிக்கும் பிரேக், இறக்கத்தின் நடுவில் சூடேறிய டிரம்மில் பிடிக்காமல் போவது இப்படித்தான்.

கையால் சரிசெய்யும் சிலாக் அட்ஜஸ்டர் (தள்ளுகம்பிக்கும் பிரேக்குக்கும் நடுவில் லைனர் இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) என்றால், கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, லைனர் டிரம்மில் தொடும் வரை திருகி, பிறகு கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை பின்னால் விடுங்கள். ஒரே அச்சின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஈரச் சாலையில் வண்டி திரும்பி நிற்கும். தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் அடிக்கடி ஸ்பேனர் வைக்கக் கூடாது. அது அளவு தாண்டுகிறதென்றால் புஷ், கேம் தண்டு, அட்ஜஸ்டர் ஆகியவற்றில் ஒன்று கெட்டிருக்கிறது. திருகிவிட்டால் அந்தக் கோளாறு இரண்டு வாரம் மறைந்து கிடக்கும், அவ்வளவுதான்.

லைனர் நடுவில் 6 மி.மீ. கனத்துக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். ஒரே அச்சின் இரு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ரிவெட் டிரம்மைத் தொடும் வரை ஓட்டினால் லைனர் காசு மிச்சமாகி டிரம் காசு போகும்.

பின் அச்சில் இருக்கும் இரட்டைச் சேம்பரின் பின்பாதியில் பலமான சுருள் ஸ்பிரிங் அழுத்தி அடைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கவ்வுப்பட்டையை ரோட்டோரத்தில் யாரும் கழற்றக் கூடாது. ஸ்பிரிங் பறந்தால் ஆளைக் கொல்லும். ஏர் இல்லாமல் அந்த ஸ்பிரிங் பிரேக்கைப் பிடித்து வண்டி நின்றுவிட்டால் அதற்கென்று உள்ள கேஜிங் போல்ட்டால்தான் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்ட வேண்டும், அதுவும் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்த பிறகு.

இறக்கம்

கீரிப்பாறை, கோதையாறு, பேச்சிப்பாறை பக்கத்து எஸ்டேட் சாலைகளில் ரப்பர் மரம் ஏற்றி இறங்குகிறவர்களுக்கு இது தெரிந்த பாடம்தான். புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். அதே மேட்டை லோடோடு ஏற எந்த கியர் வேண்டுமோ, அதைவிட ஒரு கியர் குறைவாக இருக்கட்டும். எக்ஸாஸ்ட் பிரேக் (புகைவழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைப் பிடிப்பது) இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மழையில் வழுக்கும் வளைவில், வண்டி காலியாக இருந்தால் மட்டும் அதை அணைத்துவிடுங்கள். காலி வண்டியின் பின்சக்கரம் அதில் இழுபட்டு நழுவும்.

பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்குவது தவறு. 30 கி.மீ. வேகம்தான் அந்த இறக்கத்துக்குச் சரி என்றால், 30 தொட்டதும் உறுதியாக மிதித்து 20-க்குக் கொண்டுவந்து முழுக்க விட்டுவிடுங்கள். மறுபடி 30 வரும் வரை இன்ஜின் பிடிக்கட்டும். விடுகிற அந்த இடைவெளியில்தான் டிரம் ஆறும். நியூட்ரலில் உருட்டினால் கொஞ்சம் டீசல் மிச்சமாகும் என்று நினைப்பவர்கள், இன்ஜின் பிடிப்பு முழுவதையும் பிரேக்கின் தலையில் ஏற்றுகிறார்கள். வேகம் ஏறிய பிறகு கியர் திரும்ப விழாது.

கருகல் வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ நிறுத்துங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு வெடிக்கும். அந்த நிலையில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்தினால், டிரம் ஆறிச் சுருங்கும்போது லைனரோடு இறுகிக்கொள்ளும். கட்டை கொடுத்து, கியரில் வைத்து, அரை மணி நேரம் காத்திருங்கள்.

மழை, சானல் கரை, காற்று

பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் மழையின் முதல் கால் மணி நேரம் மிக மோசமானது. சாலையில் படிந்த ஆயிலும் ரப்பர்த் தூளும் நீரோடு சேர்ந்து பசையாகும். மழை பிடித்துப் பெய்த பிறகு அது கழுவிப் போய்விடும். அந்தக் கால் மணி நேரம் வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, முன்வண்டிக்கு இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். ரப்பர் பால் பேரலிலிருந்து ஒழுகிய இடமும் மீன் வண்டி சிந்திய இடமும் எந்தக் காலத்திலும் வழுக்கும்.

சானல் (பாசனக் கால்வாய்) கரைச் சாலைகளில் எதிரே பேருந்து வந்தால் ஓரம் கொடுக்கத்தான் தோன்றும். தார் முடிகிற இடத்துக்கு வெளியே இருப்பது ஊறிய மண். இடப்பக்கச் சக்கரம் ஒன்றரையடி இறங்கினால் லோடு அந்தப் பக்கம் சாயும். ஓரம் இடிந்து வண்டி சானலுக்குள் போகும். அகலமான இடம் வரும் வரை நிற்பதும், தேவையானால் கிளீனர் இறங்கிப் பின்னால் எடுக்க வழிகாட்டுவதும் நேரவிரயம் ஆகாது.

ஓடும் வெள்ளத்தில் இறங்காதீர்கள். தேங்கிய நீர் சக்கர ஹப்பின் நடுமட்டத்தைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். தாழ்வான நீரைக் கடந்தாலும், கரையேறியதும் குறைந்த வேகத்தில் பெடலை லேசாக அழுத்தியபடி கொஞ்சதூரம் ஓட்டி லைனரை உலர்த்துங்கள்; பின்னால் யாரும் நெருங்கி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு செய்ய வேண்டியது. ஹப் மூழ்கியிருந்தால் அந்த வாரமே ஹவுசிங் (பின் அச்சுப் பெட்டி) ஆயிலையும் ஹப் கிரீஸையும் பாருங்கள். வெளுத்துப்போன ஆயிலோடு ஓடினால் கிரவுன் பல் போகும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகள் ஏன் அங்கே நிற்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் காற்று மலைகளுக்கு நடுவே குறுகி வேகம் பிடிக்கிறது. காலியாகவோ கதம்பல் (தேங்காய் மட்டை), வைக்கோல் போன்ற எடையில்லாத உயர லோடோடோ போகும் வண்டிதான் இதில் ஆபத்துக்குள்ளாகும். தார்ப்பாயின் ஒரு மூலை தளர்ந்திருந்தாலும் அது பாய்மரமாகிவிடும். கணவாய்க்கு முன்பே நிறுத்திக் கயிறுகளை இறுக்குங்கள். பெரிய வண்டியோ கட்டடமோ காற்றை மறைத்து விலகும் நொடியில் வண்டி ஒரு பக்கம் தள்ளும். அந்த இடத்தில் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும்.

உப்பு

தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் துறைமுகங்களில் மீன் ஏற்றும் வண்டியின் பின்பகுதியைக் குழியில் விட்டு ஒருமுறை கீழிருந்து பாருங்கள். ஐஸ் உருகிய உப்புநீர் பலகை இடுக்கு வழியாக எப்போதும் ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்துக்கு நேர்கீழே குறுக்குச் சட்டம் செதில் செதிலாக உரியும். பக்கத்திலேயே பிரேக் பைப்பும் அதன் கிளிப்பும் போகும். கிளிப்புக்கு அடியில் உப்பு தங்கி, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாமல் பைப்பை அரித்துவிடும். கிளிப்பைக் கழற்றி விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பொடி உதிர்ந்து குழி தெரிந்தால் அந்தப் பைப்பை மாற்றிவிடுங்கள். நீரைத் தனிக் குழாயில் வாங்கி ஒரு தொட்டியில் சேர்ப்பதுதான் சரி. வண்டி பிழைப்பது ஒரு பக்கம். அந்த நீர் சாலையில் விழுந்தால் பின்னால் பைக்கில் வருகிறவர் விழுவார்.

உப்பு லோடு, மீன் லோடு எது இறக்கினாலும் அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். குழாய்நீரை மெதுவாக நிறைய விடுவது நல்லது. அதிக அழுத்த நீரை ஹப் சீல் மீதும் வயர் இணைப்புகள் மீதும் நேராக அடித்தால் உப்பு உள்ளே போய்ச் சேரும். கழுவிய பிறகு கிரீஸ் நிப்பிள்களில் கிரீஸ் அடித்து உள்ளே புகுந்த நீரை வெளியேற்றுங்கள். புரபெல்லர் தண்டின் கிராஸ் மூட்டில் நான்கு முனையிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும்; மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த முனை காய்ந்து கிடக்கிறது. கிங்பின்னுக்கு (முன்சக்கரம் திரும்பும் ஆணி) முன் அச்சைத் தூக்கி வைத்து அடித்தால்தான் எடை தாங்கும் முகத்துக்கு கிரீஸ் போகும். நெடுந்தூர வண்டிக்கு மாதக் கணக்கில் செய்யும் இந்த வேலையைக் கடலோர வண்டிக்கு வாராவாரம் செய்யுங்கள்.

இரவில் ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று மங்குகிறதா? பெரும்பாலும் எர்த் வயர் சட்டத்தோடு சேரும் இடம் துருப்பிடித்திருக்கும். கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரி முனையில் பூக்கும் பச்சையை வெந்நீர் கரைக்கும். முதலில் எர்த் வயரைக் கழற்றுங்கள்; மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

டயர்

காற்று அழுத்தத்தைக் குளிர்ந்த டயரில் கேஜ் வைத்துப் பாருங்கள். இரட்டை டயரில் உள்டயர் காற்றிழந்தாலும் வெளிடயர் தாங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. சுத்தியலால் தட்டிப் பார்க்கும் பழக்கம் முழுக்கப் பஞ்சரானதைக் காட்டும். 120-க்குப் பதில் 80 பிஎஸ்ஐ இருப்பதைக் காட்டாது. குறைந்த காற்றோடு ஓடும் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு, அதை வெளியேற்றாதீர்கள்.

ஜோடி டயர்களின் உயர வித்தியாசம் 6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உயரமானது எடை முழுவதையும் தாங்கும், குட்டையானது சாலையில் உரசி இழுபடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிய ஜல்லிக் கல்லைக் கிரஷரை விட்டு வெளியேறும்போதே எடுங்கள். தார்ச்சாலையில் வேகம் பிடித்ததும் அது பின்னால் வருகிறவர் முகத்துக்குப் பறக்கும். பட்டன் (டயரின் வரிப்பள்ளம்) ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. நம் மழைக்கு 3 மி.மீ. வந்ததும் முன்சக்கரத்திலிருந்து கழற்றிவிடுவது நல்லது. ரீட்ரெட் டயர் முன்னால் வேண்டாம்.

சக்கரம் கழற்றி மாட்டினால் நட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி முறுக்க வேண்டும். புதிதாக மாட்டியது படிந்து தளரும். பழைய வண்டிகள் சிலவற்றில் இடப்பக்க நட்டு இடமரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டியது. தெரியாமல் பலம் கொடுத்தால் ஸ்டட் முறியும். லாக் ரிங் உள்ள டிஸ்க்கில் காற்று ஏற்றும்போது கூண்டுக்குள் வைக்க வேண்டும். கூண்டு இல்லாத இடத்தில் சங்கிலியால் சுற்றிக் கட்டி, நீள ஓஸ் போட்டுப் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். ரிங் தெறித்துத் தலை போன சம்பவங்கள் பஞ்சர் கடைகளில் நடக்கின்றன.

லோடு

2018 ஜூலையில் மத்திய அரசு உயர்த்திய அளவுப்படி ஆறு சக்கர லாரியின் மொத்த எடை 18.5 டன், பத்துச் சக்கர டாரஸுக்கு 28.5 டன். இது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். எம்-சாண்ட் ஒரு யூனிட் ஏறக்குறைய 4.5 முதல் 5 டன் வரும். பத்துச் சக்கர டிப்பர் காலியாக 10 டன் இருந்தால் மிச்சம் 18.5 டன். நான்கு யூனிட் போட்டாலே வரம்பைத் தொட்டுவிடும். நனைந்த மணல் அதற்கும் கூட. கண்மட்டத்தில் அளக்காமல் எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். வரம்பு மீறினால் 2019 திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம், மிச்சத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அபராதத்தைவிடப் பெரிய நட்டம், அந்த மிச்ச எடை பிரேக்குக்கும் பட்டைக்கும் செய்வது.

ரப்பர் தடியின் பட்டையில் பால் கசிந்து வழுக்கும். பக்கக் கம்பத்துக்கு மேல் ஒரு தடி கூடப் போகக் கூடாது. ஒவ்வொரு அடுக்குக் கட்டுக்கும் குறைந்தது இரண்டு பெல்ட். முதல் பத்து கி.மீ.யில் தடிகள் அமர்ந்து பெல்ட் தளரும். நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். ரப்பர் பால் பேரல்களை முக்கால் நிரப்பி ஏற்றினால் உள்ளே பால் அலையடித்து வளைவில் வண்டியைத் தள்ளும். நிறைத்து மூடி, நெருக்கி, முன்பலகையோடு ஒட்டி வையுங்கள்.

டிப்பர் தொட்டியை உயர்த்தும் முன் தரை சமமா, இறுகியதா என்று இறங்கிப் பாருங்கள். மேலே அண்ணாந்தும் பாருங்கள். தென்னந்தோப்பு நடுவே போகும் மின்கம்பி இலைக்குள் மறைந்திருக்கும். ஈர மண் தொட்டியின் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டால் மொத்த எடையும் அந்தப் பக்கம் நின்று வண்டி கவிழும். முன்னும் பின்னும் உலுக்காமல் தொட்டியை இறக்கி, மண்வெட்டியால் தள்ளுங்கள். உயர்த்திய தொட்டிக்கு அடியில் தாங்குகட்டை வைக்காமல் ஒரு கை கூட நுழையக் கூடாது. பிடிஓ (தொட்டியைத் தூக்க இன்ஜின் விசையை எடுக்கும் இணைப்பு) விடுபட்டதா என்று விளக்கைப் பார்த்த பிறகே கிளம்புங்கள்.

பிஎஸ்-6 வண்டி

பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் உண்டு. அது தானாகக் கரியை எரித்துக்கொள்ள இன்ஜின் சீரான வேகத்தில் இருபது முப்பது நிமிடம் ஓட வேண்டும். மார்த்தாண்டம் நெரிசலில் அது நடக்காது. விளக்கு எரிந்ததும் பட்டனை அமுக்கித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் வண்டி இழுவை குறைந்து கடைசியில் ஒர்க்ஷாப்புக்குப் போகும். வாரம் ஒரு நடை காவல்கிணறு பக்கத்து நான்குவழிச் சாலையில் ஓட விடுங்கள். நிறுத்திவைத்து எரிக்கும்போது சைலன்சர் வழியாக வரும் சூடு பல நூறு டிகிரி. காய்ந்த ரப்பர் இலை, கதம்பல் மடல், வைக்கோல் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் யூரியாக் கரைசல்) தீர்ந்தால் வண்டி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்காக வயல் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் நாசில் அடைத்து, மிச்சப்பட்டதைப்போலப் பல மடங்கு செலவாகும். தவறி டீசல் டேங்கில் ஆட்ப்ளூ ஊற்றிவிட்டால் சாவியைக் கூடத் திருப்பாமல் டேங்கை இறக்குங்கள்.

ஊருக்குள்ளும் உடம்பும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கடைத்தெருவில் இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டிப் போகும். அந்த இடைவெளியில்தான் ஸ்கூட்டர் நுழைந்து நிற்கும். இடப்பக்கக் கதவுக்கு ஒட்டிய பகுதியும் பம்பருக்கு நேர்முன்னும் ஓட்டுநருக்குத் தெரியாது; கிளீனர் தூங்காமல் அந்தப் பக்கத்தைச் சொல்ல வேண்டும். பின்னால் எடுக்கும்போது கிளீனர் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்கட்டும். அவர் கண்ணில் படாத அந்த நொடியே வண்டி நிற்க வேண்டும்.

ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு என்பது 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் தந்த உரிமை. நடை எண்ணிக்கைக்குக் கூலி கொடுக்கும் உரிமையாளர்கள் இதை மதிக்க வேண்டும். ஒரு நடை குறைந்தால் வரும் நட்டத்தை, விடிகாலை மூன்று மணிக்குக் கண் சொருகிய ஓட்டுநரால் வரும் நட்டத்தோடு வைத்துப் பாருங்கள். கண் எரிவதும், கடந்து வந்த ஊர் நினைவில் இல்லாததும் தூக்கத்தின் அடையாளம். டீ அதற்கு மருந்தில்லை; இருபது நிமிடம் சீட்டில் சாய்ந்து தூங்குவதுதான் மருந்து.

வழியில் நின்றுவிட்டால் நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். சிவப்பு முக்கோணத்தை வண்டிக்கு ஐம்பது மீட்டர் பின்னால் வையுங்கள். வளைவு என்றால் வளைவுக்கு முன்னால் தெரிகிற மாதிரி. கல்லும் மரக்கிளையும் வைத்துவிட்டு, கிளம்பும்போது எடுக்காமல் போவது அடுத்தவருக்குக் குழி வெட்டுவது. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆள் அடிபட்டால் 108.

மாலை நிறுத்தும் முன் இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். சூடான டர்போவுக்கு ஆயில் போய்க்கொண்டே அது ஆறட்டும். ஏர் டேங்க்குகளை வடித்து, சரிவில் நிற்கும் வண்டியின் முன்சக்கரத்தைச் சுவர்ப்பக்கம் ஒடித்து, கட்டை கொடுங்கள். அன்று கேட்ட புது சத்தம், இழுத்த பக்கம், சொட்டிய இடம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி டேஷ்போர்டில் வையுங்கள். நாளைக் காலை வண்டி எடுக்கிறவர் வேறொருவராக இருக்கலாம்.